குடை பிடித்து ஓட்டிய போர் விமானம்

சாமியானாவுக்கு வெளியே, தூறலில், நல்ல பச்சைப் பட்டுப் புடவையில் நின்றுகொண்டு ஒரு குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தேன். மழை வந்தால் குடையை விரிக்கிறவர்களை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மழை வலுக்கும்போது மடக்குகிறவளை அந்த முந்நூறு பேரும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "பாவம், பாக்க நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரிதான் இருக்குது," என்றார். எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

தலைக்கு மேலே என் கணவரின் போர் விமானம் பறந்துகொண்டிருந்தது. என் கணவரின் என்று எழுதிவிட்டேன் பாருங்கள். எல்லாரும் அப்படியே சொல்லிச் சொல்லி என் பேனாவும் பழகிவிட்டது. இந்த வாரம் அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான்.

விளக்கெண்ணெய்க் காலம்

அப்போது நாங்கள் பெங்களூர் பிரேசர் டவுனில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். சீனச் சண்டை முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். நான் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் தேவசகாயம் விமானத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். அடுத்தவர் செய்த பாகத்தில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்தால் அதையே இலவசமாகச் செய்வார்.

வாரத்தில் ஆறு நாள் பெரிய விமானத்தோடு இருக்கிற மனிதர் ஏழாவது நாள் என்ன செய்வார்? சின்ன விமானம் செய்வார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிப்பாயாக என்பதை அவர் அப்படிப் புரிந்துகொண்டிருந்தார். ஏழு மணி ஆராதனை முடிந்ததும் பாதிரியார் கையைக்கூடக் குலுக்காமல் சைக்கிளை எடுப்பார்.

விமானம், ஹரிக்கேன். பெரிய யுத்தத்தில் லண்டனைக் காப்பாற்றியதாம். எங்கள் சாப்பாட்டு மேஜையை அது காப்பாற்றவில்லை. நாலரை அடி இறக்கையை மேஜைமேல் பரப்பிவிட்டு, நாங்கள் எட்டு மாதம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வேண்டப்பட்டவர்கள் வந்தால், "இவர் இயேசுவைப் போல எளிமையாக இருக்க ஆசைப்படுகிறார்," என்று சொல்லிவைத்தேன்.

அதற்கு ஓர் இன்ஜின் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியர், தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் தெருவுக்குக் கொடுத்தார். எதிர் வீட்டுக்குப் பியானோ கிடைத்தது. எங்களுக்கு இந்த இன்ஜின். எலுமிச்சம்பழ அளவுதான். வெளிநாட்டுச் சரக்கு வருவதே நின்றுபோயிருந்த காலம். உடைந்தால் வேறு கிடைக்காது. அதனால் அதற்குப் பழைய கம்பளித் துணியில் ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன்.

க்ளோ இன்ஜின் என்பார்கள். அதன் தலையில் ஒரு சுருள் கம்பி இருக்கும். பாட்டரி வைத்தால் கம்பி சிவக்கும். விமானத்தின் மூக்கிலிருக்கும் விசிறியை விரலால் சுண்டிவிட வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு பாட்டரியை எடுத்துவிடலாம், தன் சூட்டிலேயே எரிந்துகொண்டிருக்கும். ஒருமுறை சூடேற்றிவிட்டால் போதும், பிறகு யாரும் தூண்ட வேண்டாம். "உங்க பெரியக்கா மாதிரி," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

குடிப்பதற்கு அதற்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும். வாரத்துக்கு ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் வாங்குவேன். மூன்றாவது மாதம் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "வூட்ல யாருக்கும்மா இவ்ளோ கஷ்டம்?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு," என்றேன். பொய்யில்லையே.

எரிந்த விளக்கெண்ணெயின் வாசம் துணியில் ஏறினால் இறங்காது. திரைச்சீலை, தலையணை, வேதப்புத்தகம் எல்லாம் மணத்தன. விசிறி சுண்டியதில் அவருடைய ஆள்காட்டி விரலில் எப்போதும் ஒரு கட்டு. சபையில் எல்லாரும் தொழிற்சாலை விபத்து என்று நினைத்து அவருக்காக ஜெபித்தார்கள். அவரும் தடுக்கவில்லை.

ஒரே ஒரு பொத்தான்

ரேடியோ பகுதிக்கு மல்லேஸ்வரத்திலிருந்து கிருஷ்ணமூர்த்தி வருவார். டெலிபோன் செய்கிற இடத்தில் வேலை. எங்கள் வீட்டில் காபி தவிர எதுவும் சாப்பிடமாட்டார். ஆனால் காபி ஆறு டம்ளர் குடிப்பார். என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவார்.

அவர் செய்த பெட்டி டிபன் கேரியர் கனம் இருக்கும். மேலே ஆளுயரக் கம்பி. முன்னால் ஒரே ஒரு பொத்தான். அந்த ஒரு பொத்தானில்தான் விமானத்தின் தலையெழுத்து இருந்தது.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் விமானம் வலது பக்கம் திரும்பும். விட்டால் நேராகப் போகும். அடுத்த முறை அழுத்தினால் இடது. அதற்கடுத்து மறுபடி வலது. வலது, இடது, வலது, இடது. இவ்வளவுதான். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எண்ணெய் தீர்ந்ததும் இன்ஜின் நிற்கும், பிறகு மிதந்தபடி இறங்கும்.

ஆகவே ஓட்டுகிறவருக்கு வேண்டியது வீரமோ விமான ஞானமோ அல்ல. கடைசியாக அழுத்தியது எந்தப் பக்கம் என்று ஞாபகம் இருக்க வேண்டும். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் முப்பது பேராவது இந்த வேலைக்குத் தகுதியானவர்கள்.

என் கணவர் அந்த முப்பது பேரில் சேர்த்தி இல்லை.

ஊருக்கு வடக்கே பழைய ராணுவத் திடல் ஒன்றில் எங்கள் சங்கம் கூடும். சங்கம் என்றால் இவரும் பதினோரு ஆண்களும். விமானம் மேலே போகும். இவர் ஆகாயத்தைப் பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். ஒருமுறை அழுத்துவார். அழகாக வலது பக்கம் வளையும். அந்த அழகில் சொக்கிப்போய் எண்ணிக்கையை விட்டுவிடுவார். அடுத்து வலது என்று நினைத்து அழுத்தினால் அது இடது போகும். பதறிப்போய் இன்னும் அழுத்திப் பிடிப்பார். அவ்வளவுதான், திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு திடலை ஒட்டியிருந்த முனியப்பாவின் ராகிக் கொல்லைக்குள் இறங்கும்.

முனியப்பா நல்ல மனிதர். விழுந்த விமானத்தைக் கோழிக்கூடைக்குள் வைத்து மூடி, நாய் இழுக்காமல் பார்த்துக்கொள்வார். நாலாவது தடவை எடுக்கப் போனபோது என்னிடம் கேட்டார்.

"நிம்ம யஜமான்ரிகெ எடகை பலகை கொத்தில்வா அம்மா?"

உங்கள் எஜமானருக்கு இடது கை வலது கை தெரியாதா என்று பொருள். பன்னிரண்டு பேர் இருந்த சங்கத்தில் கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடித்தவர் ராகி விதைத்தவர்தான். மற்றவர்கள் இன்னமும் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தி பாவம், ஒன்றும் கெடாத பெட்டியை மூன்று தடவை பிரித்துக் கோத்தார்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்

திடலுக்கு நான் போனது காபி கொண்டுபோகத்தான். பாயை விரித்து உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவேன். ஒரு கண்ணி முன்னால், ஒரு கண்ணி பின்னால். எண்ணிக்கொண்டே பின்னுகிறவளுக்கு அவர் பொத்தான் அழுத்துவதை எண்ணுவது பெரிய காரியமா? நான் எண்ண வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அது தானாக எண்ணிக்கொண்டது.

ஒருநாள் விமானம் சாய்கிறபோது பாயில் இருந்தபடியே, "இப்ப இடது வரும்," என்றேன். இடதுதான் வந்தது.

கிருஷ்ணமூர்த்தி திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், அடுத்தது?"

"வலது."

அதுவும் வந்தது. அன்றைக்கு முதல்முறையாக ஹரிக்கேன் முழுசாக வீடு திரும்பியது. மறுவாரம் முதல் நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று காதில் சொல்ல ஆரம்பித்தேன். மனைவி காதில் ஓதுகிறாள் என்று சங்கத்தார் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ராகிக் கொல்லைக்கு நடக்கிற வேலை மிச்சம்.

பிறகு ஒரு ஞாயிறு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், அவரே பெட்டியை நீட்டி, "நீயே அமுத்திப் பாரேன்," என்றார். அழுத்தினேன். மூன்று வட்டம் சுற்றிக் காட்டினேன். இறக்கினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தன்று கூட இல்லை. அன்றைக்குப் பசி வேறு.

அதன்பிறகு யாரும் இல்லாத நேரமெல்லாம் நான்தான் ஓட்டினேன். யாராவது சைக்கிளில் வருவது தெரிந்தால் பெட்டி அவர் கைக்குப் போய்விடும். நான் காதுக்குப் போய்விடுவேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு தடவை, நாலு பேர் காதில் விழ, "ஓட்டத் தெரிஞ்சது இவளுக்குத்தான்," என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால் போதும். அப்புறம் ஆயுசு முழுக்க அவரே ஓட்டிக்கொள்ளட்டும்.

சுண்ணாம்பு வட்டம்

சங்கம் ஆண்டுவிழாப் போட்டி வைத்தது. சாமியானா, மைக், வெள்ளிக் கோப்பை. தலைமை தாங்க ஓய்வுபெற்ற ஒரு கர்னல். புது விதி ஒன்று போட்டார்கள். திடல் நடுவில் சுண்ணாம்பால் வட்டம். வட்டத்துக்குள் ஓட்டுகிறவர் மட்டும் நிற்க வேண்டும். மற்றவர்கள் அறுபது அடி தள்ளி.

அறுபது அடி தூரத்திலிருந்து காதில் ஓத முடியாது. இன்ஜின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது.

"நானே ஓட்டறேனே," என்றேன்.

இவரும் கிருஷ்ணமூர்த்தியும் காபி டம்ளரைப் பார்த்தார்கள். என் கணவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "லைசென்ஸ் என் பேர்ல இருக்கு எஸ்தர்," என்றார். ரேடியோ பெட்டியை இயக்க அரசாங்க அனுமதி வேண்டும், உண்மைதான். யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லைசென்ஸ் எங்கே தூங்கிக்கொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர் கிருஷ்ணமூர்த்தி. "சிஸ்டர் குடையோட நிக்கட்டும். விரிச்சிருந்தா அடுத்தது வலது. மடக்கியிருந்தா இடது. வெயிலுக்குக் குடைன்னு எல்லாரும் நெனச்சுப்பா. நன்னா ஒர்க் ஆகும்."

வால்வும் கம்பியும் வைத்து ஆகாயத்தில் இருப்பதைத் திருப்புகிற அளவுக்கு விஞ்ஞானம் வளர்ந்திருந்தது. அதை என்னைக் கூப்பிடாமல் ஓட்ட மட்டும் வழியில்லை. கூப்பிட்டதை வெளியே சொல்லவும் வழியில்லை.

வெயிலைப் பற்றி யோசித்த பொறியாளர் மழையைப் பற்றி யோசிக்கவில்லை. இத்தனைக்கும் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்.

கர்னலின் மரியாதை

விமானம் கிளம்பி இரண்டாவது வட்டம் போடும்போது தூறல் பிடித்தது. நான் விரித்தேன், மடக்கினேன், விரித்தேன். என் கணவர் அழுத்துவார், என்னைப் பார்ப்பார், அழுத்துவார். கச்சிதமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் நனைந்துகொண்டிருந்தேன்.

மடக்கிய குடையோடு நின்ற ஒரு சமயம் என் தலைக்கு மேல் மழை நின்றது. நிமிர்ந்தால் ஒரு பெரிய கறுப்புக் குடை. பிடித்திருந்தவர் கர்னல்.

"அலவ் மீ, மேடம்," என்றார்.

அறுபது அடி தூரத்தில் என் கணவருக்குத் தெரிந்தது விரிந்த குடை. அடுத்தது வலது என்று நினைத்து அழுத்தினார். விமானம் இடது பக்கம் வளைந்து நேரே சாமியானாவைப் பார்த்து வந்தது.

"எடுங்க சார்," என்றேன்.

"நோ ட்ரபிள் அட் ஆல்," என்றார்.

அவர் குடையை நான் பிடித்து இழுத்தேன். மரியாதை தெரிந்த மனிதர், விடவில்லை. தலைமை விருந்தினரும் நானும் ஒரு குடைக்காக இழுபறி செய்வதை முந்நூறு பேரும் பார்த்தார்கள். தூரத்தில் என் கணவர் என்ன சைகை என்று புரியாமல் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். விமானம் சாமியானாவின் உச்சியை உரசுகிற மாதிரி போயிற்று. உள்ளே நாற்காலிகள் சாய்ந்தன.

அப்போது அவர் வட்டத்தை விட்டு வெளியே வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கம்பி ஆட ஆட, என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

"எஸ்தர், புடி."

"கடைசியா எந்தப் பக்கம்?"

"தெரியல."

அந்த நேரம் இன்ஜின் நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டது. சத்தமில்லாமல் விமானம் இறங்க ஆரம்பித்தது. எனக்கும் கணக்கு தெரியாது. ஒரு கணம் மட்டும் லேசாகத் தட்டினேன். இறக்கை இடது பக்கம் துடித்தது. சரி, அடுத்தது வலது. அழுத்திப் பிடித்தேன். திரும்பிற்று. விட்டேன். இடதை ஒரு தட்டுத் தட்டிக் கடந்து, மறுபடி வலது. சுண்ணாம்பு வட்டத்துக்குப் பத்தடி இப்பால், ஈரப் புல்லில், வயிறு தேய உட்கார்ந்தது. ஒரு குச்சிகூட உடையவில்லை.

என் பக்கத்தில் கர்னல் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டிருந்தார்.

என் கணவர் நெடுமூச்சு விட்டார். பிறகு, "குடு," என்று சொல்லிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு விமானத்தை எடுக்க ஓடினார். கூட்டம் கைதட்டியது.

தேங்க் யூ சார்

வட்டத்தைத் தாண்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கோப்பை எங்களுக்கு, அதாவது அவருக்கு. மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆபத்தான நிலையிலும் நிதானம் இழக்காத விமானி என்று செயலாளர் புகழ்ந்தார். நிதானம் இழக்காதவர் எழுந்து போனார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இப்போது சொல்வார். மைக் இருக்கிறது, முந்நூறு பேர் இருக்கிறார்கள், நான் எதிர்பார்த்த நாலு பேரைவிட அதிகம்.

மைக்கின் முன்னால் குனிந்தார். "தேங்க் யூ சார்," என்றார். இறங்கி வந்துவிட்டார்.

கர்னல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நான் என்ன செய்வது?

பஸ்ஸில் சிவாஜிநகர் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். விமானம் எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது. கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கொடுத்தார். கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"நீ ஓட்டுனேன்னு சொன்னா லைசென்ஸ் போயிடும் எஸ்தர். பெட்டியப் புடுங்கிக்குவாங்க."

"மைக்ல உங்க லைசென்ஸ் நம்பரா கேட்டாங்க? ஏங்க, 'என் வொய்ஃப் இல்லேன்னா முடிஞ்சிருக்காது'ன்னு சொல்றதுக்கு எந்த ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணும்?"

"எல்லாருக்கும் எதிர்ல... எப்படி..."

"எல்லாருக்கும் எதிர்லதானே ஓடிவந்து பெட்டிய குடுத்தீங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பஸ்ஸில் இருந்தவர்கள் விமானம் உடைந்துவிட்டது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டார்கள்.

மூன்று ஞாயிறுகள்

அதன்பிறகு நான் திடலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து ஸ்வெட்டரை முடித்தேன். முதல் ஞாயிறு அவர் விமானத்தைப் பறக்கவிடாமல் திரும்பிவந்து, காற்று சரியில்லை என்றார். இரண்டாவது ஞாயிறு இன்ஜின் சூடேறவில்லை என்றார். மூன்றாவது ஞாயிறு காரணம் எதுவும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சோற்றில் கையை நிறுத்தி, "பயமா இருக்கு," என்றார். "அமுத்தப் போறப்ப கை வரமாட்டேங்குது. நீ வாயேன்."

"எதுக்கு? குடை புடிக்கவா?"

"இல்ல. சொல்லிடறேன்."

நாலாவது ஞாயிறு போனோம். பதினோரு பேரும் இருந்தார்கள். என் கணவர் பெட்டியைக் கீழே வைத்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார். சபையில் பாடம் வாசிக்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு எறக்குனது நான் இல்ல. எஸ்தர்தான். அன்னைக்கு மட்டும் இல்ல. கீழ விழாம வந்ததெல்லாம் இவ சொல்லி வந்ததுதான், இல்லாட்டி இவளே ஓட்டுனது. நான் வாய மூடிக்கிட்டுக் கப்ப வாங்கிட்டேன். தப்பு."

அவர் முகம் சிவந்து, காது சிவந்து நின்றார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த பிரியத்தை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இவ்வளவு நேரம் நான் எழுதியது அப்படி.

செயலாளர்தான் முதலில் அசைந்தார். அவர் மண்டியா பக்கத்துக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். சிரித்துக்கொண்டே என் கணவர் தோளில் தட்டினார்.

"அதுக்கென்ன மிஸ்டர் தேவசகாயம். எங்களுக்கு அது மொதல்லயே கொத்து. எல்லாரும் பாத்தோமே. கர்னல் சாஹேப்கூட கேட்டார். நீங்களே சொல்லட்டும்னு நாங்க சும்மா இருந்தோம்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆமாம், தெரியும், தெரியும். ஒருத்தர், "மேடம் சூப்பரா எறக்குனாங்க," என்று என் கணவரிடம் சொன்னார்.

நான் பெட்டியைக் கையில் எடுத்தேன். கிருஷ்ணமூர்த்தி போய் விசிறியைச் சுண்டிவிட்டார். மேலே போயிற்று. வலது, இடது, வலது என்று பத்து நிமிஷம் ஓட்டி, எல்லாரும் பார்க்க, அவர்கள் காலடியில் கொண்டுவந்து இறக்கினேன்.

என் கணவர்மேல் இருந்த கோபம் அன்றோடு தீர்ந்துவிட்டது. மற்ற பதினோரு பேர்மேல் இன்னும் தீரவில்லை.